தலையில் அடி, காலில் விலங்கு, 1,100 கி.மீ. ஜீப் பயணம்... ஸ்டீவ் பிகோ மரணத்துக்கு யார் பொறுப்பு?

1977 செப்டம்பர் 11. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரிலிருந்து போலீஸ் லேண்ட் ரோவர் ஒன்று மாலையில் கிளம்பியது. பின்பக்கத் தரையில் 30 வயது இளைஞர் ஒருவர் நிர்வாணமாகக் கிடந்தார். மூளையில் பலத்த காயம். சில மணி நேரம் முன்புதான் வாயில் நுரை தள்ளிய நிலையில் லாக்கப்பில் கண்டெடுக்கப்பட்டிருந்தார். போர்ட் எலிசபெத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஆனால் வண்டி போனது 1,100 கிலோமீட்டருக்கும் அதிக தூரத்தில் இருக்கும் பிரிட்டோரியா சிறைக்கு. கூட டாக்டர் இல்லை. மருத்துவக் குறிப்புகள்கூட வண்டியில் இல்லை.

மறுநாள் இரவு பிரிட்டோரியா சிறை அறைத் தரையில், ஒரு பாய் மேல் அவர் உயிர் பிரிந்தது. அவர்தான் ஸ்டீவ் பிகோ.

அடித்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர், பதவி, அறை எண் வரை பதிவாகி இருக்கிறது. ஆனாலும் அந்த அடிக்காக ஒரு போலீஸ் அதிகாரிகூட ஒரு நாள் ஜெயிலில் இருந்ததில்லை. எப்படி? அதைப் புரிந்துகொள்ள பிகோவின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

யார் இந்த ஸ்டீவ் பிகோ?

1946 டிசம்பர் 18-ல் கிழக்கு கேப் பகுதியில் உள்ள டார்காஸ்டாட் ஊரில் பிறந்தார். முழுப்பெயர் பாண்டு ஸ்டீபன் பிகோ. வளர்ந்தது கிங் வில்லியம்ஸ் டவுன் நகரை ஒட்டிய ஜின்ஸ்பெர்க் குடியிருப்பில். நாலு வயதிருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா நோகுசோலா வீட்டு வேலைக்குப் போனார். பிறகு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை. நான்கு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் கரை சேர்த்தார்.

படிப்பில் கெட்டி. லவ்டேல் என்ற பேர்பெற்ற பள்ளியில் சேர்ந்தார். 1963-ல் அண்ணன் காயாவை அரசியல் சந்தேகத்தில் போலீஸ் பிடித்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். எந்தத் தப்பும் செய்யாத தம்பியைப் பள்ளி வெளியே அனுப்பிவிட்டது. அதிகாரம் என்றாலே அவருக்குப் பிடிக்காமல் போனது அந்த வயதில்தான். பிறகு நட்டால் பகுதியில் மரியான்ஹில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்து முடித்தார்.

1966-ல் டர்பன் போய் நட்டால் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த பிரிவு அது. ஆப்பிரிக்க மாணவர்களோடு இந்திய வம்சாவளி மாணவர்களும் அங்கே படித்தார்கள்.

மாணவர் தலைவர் ஆன கதை

அப்போது நாடு முழுக்க இருந்த பெரிய மாணவர் சங்கத்தில் எல்லா இனத்தவரும் சேரலாம். தலைமை மட்டும் பெரும்பாலும் வெள்ளை மாணவர்களிடம். 1967-ல் கிரஹாம்ஸ்டவுனில் நடந்த மாநாட்டில் கறுப்பின மாணவர்கள் பல்கலைக்கழக விடுதியில் தங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளை மாணவர்கள் விடுதியில், கறுப்பின மாணவர்கள் வேறு எங்கோ. சமத்துவம் பேசும் சங்கத்தின் கூட்டத்திலேயே இந்த நிலைமை.

நமக்காக வேறு யாரோ பேசுவது போதும், நாமே பேசுவோம் என்ற முடிவுக்கு பிகோ வந்தது இதற்குப் பிறகுதான். 1969-ல் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு, அதாவது சாசோ, முறைப்படி தொடங்கப்பட்டது. முதல் தலைவர் பிகோ. வயது 22.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாசோவின் அகராதியில் கறுப்பர் என்ற சொல் தோலின் நிறத்தை மட்டும் குறிக்கவில்லை. நிறவெறிச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் எல்லோரும் அதில் அடக்கம். அதனால்தான் இந்த இயக்கத்தின் முன்வரிசையில் ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் மாதிரி டர்பன் இந்தியர்களும் இருந்தார்கள். மூட்லி என்பது வேறொன்றும் இல்லை, கரும்புத் தோட்டக் காலத்தில் கப்பலேறிப் போன நம்ம ஊர் முதலிதான். இருவரும் பின்னால் ராபன் தீவுச் சிறையில் தண்டனை அனுபவித்தார்கள்.

ஒடுக்குபவன் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே ஒடுக்கப்படுபவனின் மனசுதான் என்பது பிகோவின் வாதம். தன்னைத் தாழ்வாக நினைப்பதை முதலில் நிறுத்து, மற்றதெல்லாம் பிறகு. கறுப்பு உணர்வு இயக்கம் என்று சொல்வது இதைத்தான். ஃபிராங்க் டாக் என்ற புனைபெயரில் சாசோ இதழில் எழுதினார். 1972-ல் மருத்துவப் படிப்பு பாதியில் நின்றது.

பேசக் கூடாது, எழுதக் கூடாது

1973 மார்ச்சில் அரசு அவர் மீது தடை ஆணை போட்டது. கிங் வில்லியம்ஸ் டவுன் வட்டாரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரே நேரத்தில் ஒருவரைத் தவிர வேறு யாருடனும் பேசக் கூடாது. அவர் சொன்னதையோ எழுதியதையோ யாரும் மேற்கோள் காட்டி அச்சிடவும் கூடாது. ஆள் உயிரோடு இருப்பார், குரல் மட்டும் இருக்காது.

சும்மா இருக்கும் ஆள் இல்லை அவர். சொந்த ஊரிலேயே வேலையை ஆரம்பித்தார். சின்யோகா கிராமத்தில் 1975-ல் சனெம்பிலோ என்ற மருத்துவ மையம் எழுந்தது. ஆரோக்கியத்தைக் கொண்டுவருவது என்று பெயருக்குப் பொருள். டாக்டர் மம்ஃபெலா ராம்ஃபெலே பொறுப்பேற்று நடத்தினார். பிரசவம் முதல் குழந்தைகளின் ஊட்டச்சத்து வரை, அரசு ஆஸ்பத்திரி எட்டிப் பார்க்காத மக்களுக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது. அரசியல் கைதிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவ ஒரு நிதியும் தொடங்கினார்.

மருத்துவம் படித்தவர், ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டியவர். கடைசி ஆறு நாட்கள் அவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

1976 மே மாதம் சாசோ தலைவர்கள் மீதான வழக்கில் சாட்சி சொல்ல பிரிட்டோரியா நீதிமன்றத்துக்கு வந்தார். கோர்ட்டில் சொல்வதைப் பத்திரிகைகள் வெளியிடலாம். மூன்று வருடம் கழித்து நாடு அவர் பேச்சைப் படித்தது அந்தச் சாட்சிக் கூண்டின் வழியாகத்தான். அதே ஆகஸ்ட்டில் அவரைப் பிடித்து 101 நாட்கள் தனிமைச் சிறையில் வைத்தார்கள். நெருங்கிய நண்பர் மபெட்லா மொஹாபி அந்த மாதம்தான் போலீஸ் காவலில் இறந்தார்.

அறை எண் 619

1977 ஆகஸ்ட் 18 இரவு. கேப் டவுன் போய்விட்டு நண்பர் பீட்டர் ஜோன்ஸுடன் காரில் திரும்பிக்கொண்டிருந்தார் பிகோ. தடை ஆணையை மீறிய பயணம். கிரஹாம்ஸ்டவுன் அருகே சாலைத் தடுப்பில் சிக்கினார்கள்.

பாய்ந்தது பயங்கரவாதச் சட்டத்தின் 6-வது பிரிவு. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். வக்கீலைப் பார்க்க முடியாது. குடும்பத்துக்குத் தகவல் கிடையாது. விடுவிக்கச் சொல்லி நீதிமன்றமும் உத்தரவு போட முடியாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரியாது என்பதுதான் நடைமுறையில் இதன் அர்த்தம்.

போர்ட் எலிசபெத்தின் வால்மர் காவல் நிலையத்தில் சுமார் மூன்று வாரம் நிர்வாணமாக வைத்தார்கள். செப்டம்பர் 6 காலை சன்லாம் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாப்புப் போலீசின் அலுவலகம் அங்கேதான். அறை எண் 619.

உள்ளே இருந்த குழுவில் மேஜர் ஹரால்ட் ஸ்னைமன், கேப்டன் டான்ட்ஜி சீபர்ட், ரூபின் மார்க்ஸ், ஜோஹன் பெனெகே, கிடியன் நியூவுட். இவர்களுக்கு மேலே கர்னல் பீட் கூசன்.

போலீஸ் முதலில் சொன்ன கதை: செப்டம்பர் 7 காலை பிகோ திடீரென வெறிபிடித்த மாதிரி பாய்ந்தார், அடக்கும்போது தலை சுவரில் மோதியது. இருபது வருடம் கழித்து அதே அதிகாரிகள் வேறு மாதிரி சொன்னார்கள். சம்பவம் நடந்தது 7-ம் தேதி இல்லை, 6-ம் தேதி. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்து நில் என்று சீபர்ட் சொன்னார், அதில் ஆரம்பித்தது. ரப்பர் குழாயால் அடித்ததை நியூவுட் ஒப்புக்கொண்டார். காயம்பட்ட பிறகும் கம்பிக் கதவோடு சேர்த்து விலங்கிட்டு நிற்க வைத்திருந்தார்கள்.

வெறும் தேதிக் குழப்பம்தானே என்று தோன்றலாம். இல்லை. 6-ம் தேதி காலை அடிபட்டது என்றால், டாக்டர் வந்த 7-ம் தேதி காலை வரை ஒரு முழு நாள் மூளைக் காயத்தோடு ஒருவரைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். அந்த ஒரு நாளை மறைக்கத்தான் பொய்த் தேதி.

டாக்டர்கள் என்ன செய்தார்கள்?

இந்த வழக்கு மற்ற காவல் மரணங்களிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

7-ம் தேதி அரசு மருத்துவர் ஐவர் லாங் வந்தார். உதட்டில் கிழிசல், மார்பில் கன்றிய தடம், கை கால்களில் வீக்கம். எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, உடலில் எந்தக் கோளாறும் இல்லை என்று கர்னல் கூசன் கேட்டபடி சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

8-ம் தேதி அவருடைய மேலதிகாரி டாக்டர் பெஞ்சமின் டக்கர் வந்தார். உள்ளங்காலில் கீறிப் பார்க்கும் சோதனையில் சந்தேகத்துக்குரிய மாற்றம் தெரிந்தது. பெரியவர்களுக்குக் கால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மேல்நோக்கிப் போனால் மூளையிலோ தண்டுவடத்திலோ பிரச்சினை என்று மருத்துவ மாணவருக்கே தெரியும். சிறை மருத்துவமனைக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து வந்த சிறப்பு மருத்துவர் முதுகில் ஊசி போட்டு தண்டுவட நீரை எடுத்தார். அதில் ரத்த அணுக்கள் இருந்தன.

இதற்கு மேல் என்ன அறிகுறி வேண்டும்? ஆனால் மருத்துவம் படித்தவர், நடிக்கிறார் என்ற சந்தேகத்தைப் போலீஸ் விடவே இல்லை. அவர் படித்த படிப்பே அவருக்கு எதிராகத் திரும்பியது. மறுபடியும் வால்மர் லாக்கப், மறுபடியும் தரை.

11-ம் தேதி நுரை தள்ளிக் கிடந்தவரை டக்கர் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். உள்ளூர் பொது ஆஸ்பத்திரி வேண்டாம், தப்பிவிடுவார் என்றார் கூசன். எழுந்து நிற்க முடியாதவர் எப்படித் தப்புவார் என்று டாக்டர் கேட்கவில்லை. பிரிட்டோரியா பயணத்துக்குத் தலையாட்டினார். பிரிட்டோரியாவில் பார்த்த டாக்டருக்குச் சொல்லப்பட்டது, கைதி உண்ணாவிரதம் இருக்கிறார் என்று. அவர் ஒரு டிரிப்பும் வைட்டமின் ஊசியும் போட்டார். 12-ம் தேதி இரவு பிகோ இறந்தார்.

அமைச்சர் சொன்ன பொய்

உண்ணாவிரதத்தால் இறந்தார் என்று அறிவித்தார் நீதி மற்றும் காவல் துறை அமைச்சர் ஜிம்மி க்ரூகர். கட்சி மாநாட்டில் இந்த மரணம் தன்னை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை என்றும் பேசினார். கூட்டம் சிரித்தது.

ஈஸ்ட் லண்டன் நகரின் டெய்லி டிஸ்பாட்ச் ஆசிரியர் டொனால்ட் வுட்ஸ், பிகோவின் நண்பர். அவர் விடவில்லை. ராண்ட் டெய்லி மெயில் பத்திரிகையில் ஹெலன் சில்லே என்ற இளம் நிருபர், மூளைக் காயம்தான் காரணம் என்பதை வெளியே கொண்டுவந்தார். செப்டம்பர் 25-ல் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு சுமார் 20,000 பேர் திரண்டார்கள். மேற்கு நாடுகளின் தூதர்களும் வந்திருந்தார்கள். அக்டோபர் 19-ல் கறுப்பு உணர்வு அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தடை செய்தது அரசு. வுட்ஸ் மீதும் தடை ஆணை. நவம்பர் 4-ல் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கக் கட்டாயத் தடை விதித்தது ஐ.நா. பாதுகாப்பு சபை.

யாரும் பொறுப்பில்லை: முதல் தீர்ப்பு

நவம்பர் 14-ல் பிரிட்டோரியாவில் மரண விசாரணை தொடங்கியது. நீதிமன்றமாக மாற்றப்பட்ட பழைய யூத ஜெபக்கூடம் அது. மண்டேலா மீதான தேசத்துரோக வழக்கு நடந்ததும் இங்கேதான். பிகோ குடும்பத்தின் வழக்கறிஞர் ஷன் செட்டி. பெயரிலேயே தமிழ் வேர் தெரியும். வாதாடியவர்கள் சிட்னி கென்ட்ரிட்ஜும் ஜார்ஜ் பிசோஸும்.

ஒரு மனிதரை 48 மணி நேரம் சங்கிலியில் வைக்க எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்று கூசனிடம் கேட்டார் கென்ட்ரிட்ஜ். தாங்கள் சட்டப் பிரிவுகளின்படி இயங்குவதில்லை என்ற பொருளில் பதில் வந்தது, அதுவும் கூச்சமே இல்லாமல். டாக்டர் டக்கரோ, போலீஸ் அதிகாரியின் முடிவை மீறத் தனக்கு அதிகாரம் இருப்பதாகவே அப்போது நினைக்கவில்லை என்றார்.

டிசம்பர் 2. மாஜிஸ்திரேட் மார்ட்டினஸ் பிரின்ஸ் சில நிமிடங்களில் தீர்ப்பை வாசித்து முடித்தார். மூளைக் காயத்தால் மரணம். கைகலப்பில் ஏற்பட்டிருக்கலாம். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது.

1979-ல் அரசு குடும்பத்துக்கு 65,000 ராண்ட் கொடுத்து சிவில் வழக்கை முடித்தது. பணம் கொடுத்தது, பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. இந்த மாதிரி சமரசத்தில் பணம் போவது அரசுக் கஜானாவிலிருந்து. அடித்தவரின் பாக்கெட்டிலிருந்து ஒரு பைசா போகாது.

மருத்துவர்களை மடக்கிய மருத்துவர்கள்

லாங், டக்கர் இருவர் மீதும் விசாரிக்க முகாந்திரமே இல்லை என்று 1980-ல் சொல்லிவிட்டது தென்னாப்பிரிக்க மருத்துவ கவுன்சில். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. முடியவிடாமல் செய்தது சில டாக்டர்கள். கேப் டவுன் நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சஸ் ஏம்ஸ், யூசுஃப் வெரியாவா, டிரெஃபர் ஜென்கின்ஸ், ஃபிலிப் டோபியாஸ் உள்ளிட்டோர் கவுன்சில் மீதே வழக்குப் போட்டார்கள். வேலை போகும் என்ற மிரட்டல் இருந்தும் ஏம்ஸ் பின்வாங்கவில்லை.

1985 ஜனவரியில் நீதிமன்றம் கவுன்சிலை விசாரிக்கச் சொன்னது. லாங்குக்குக் கண்டனம். டக்கருக்கு முதலில் பெயரளவுக்குத் தண்டனை, அக்டோபரில் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம். 1991-ல் அவர் மன்னிப்புக் கேட்ட பிறகு பெயர் திரும்பச் சேர்க்கப்பட்டது.

கணக்குப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். இந்த மரணத்துக்காக ஏதோ ஒரு தண்டனை பெற்றவர்கள் டாக்டர்கள் மட்டுமே. போலீஸ் சொல்வதைக் கேட்டேன் என்ற சாக்கு டாக்டருக்குச் செல்லாது என்பது உறுதியானது. சொன்ன போலீஸ் என்ன ஆனது?

மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை

1994-ல் ஆட்சி மாறியது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வந்தது. அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை முழுசாக ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு. மன்னிப்பு கிடைத்தால் கிரிமினல் வழக்கும் போடமுடியாது, நஷ்டஈடும் கேட்க முடியாது. பிகோவின் மனைவி என்ட்சிகி உள்ளிட்டோர் இதை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் போனார்கள். 1996-ல் தோற்றார்கள். உண்மை வெளியே வர இதுதான் விலை என்றது நீதிமன்றம்.

1997-ல் அந்த ஐந்து அதிகாரிகள் மன்னிப்பு மனு போட்டார்கள். இங்கேதான் அவர்களே மாட்டிக்கொண்டார்கள். கொல்லவில்லை, தற்செயலாக நடந்தது என்றார்கள். குற்றமே செய்யவில்லை என்றால் எதற்கு மன்னிப்பு? முழு உண்மையும் சொல்லவில்லை, அரசியல் நோக்கமும் நிரூபிக்கப்படவில்லை என்று 1999 பிப்ரவரியில் மனுக்கள் தள்ளுபடி ஆயின.

மன்னிப்பு இல்லை என்றால் வழக்குப் போடலாமே? 2003 அக்டோபரில் நீதித்துறை அமைச்சகம் முடிவைச் சொன்னது. கொலை என்று நிரூபிக்கச் சாட்சி இல்லை. அறையில் இருந்தவர்கள் எல்லாம் அவர்கள்தானே! கவனக்குறைவான மரணம், தாக்குதல் ஆகிய பிரிவுகளில் போடலாம் என்றால் 20 வருட காலவரம்பு தாண்டிவிட்டது. அந்த 20 வருடத்தில் பெரும்பகுதி, அதிகாரிகளைக் காப்பாற்றிய அதே அரசின் ஆட்சிக் காலம். ஸ்னைமன் அதற்குள் இறந்துவிட்டார். நியூவுட் 2005-ல் இறந்தார்.

காந்தி படம் எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ 1987-ல் பிகோவைப் பற்றி க்ரை ஃப்ரீடம் எடுத்தார். பிகோவாக நடித்தவர் டென்சல் வாஷிங்டன். உலகம் அந்தப் பெயரை அறிந்தது பெரும்பாலும் அந்தப் படத்தால்.

போர்ட் எலிசபெத்தின் பெயர் இப்போது கெபெர்ஹா. 2025 செப்டம்பர் 12-ல், பிகோ இறந்து சரியாக 48 வருடம் கழித்து, அந்த ஊர் உயர் நீதிமன்றத்தில் அவருடைய மரண விசாரணை மீண்டும் தொடங்கியது.